பெட்டிக்குப் புள்ளி போடுபவர்களுக்கு

"தமிழ் இலக்கிய இதழொன்றில் பொம்மைப்பட இறுவட்டுகளுக்கு ஏன் பக்கம் ஒதுக்கவேண்டும்?" கோப்பன்ஹேகனில் நடந்த வாசகர் சந்திப்பொன்றில் மூத்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல முன்னர், அனிமேயை என்னைப் போலவே நேசிக்கும் இளையவர்களோடு எனக்கொரு சண்டை இருக்கிறது.

புதிய புளூரே வந்ததும் நீங்கள் எழுதுவது என்ன? பெட்டியின் அட்டை தடிப்பானதா, உள்ளே எத்தனை படங்கள், கறுப்பு நிறம் கறுப்பாகத் தெரிகிறதா. கடைசியில் பத்துக்கு ஒன்பது. படத்தில் யார் யாரோடு என்ன பேசினார்கள், அந்தப் பேச்சு எந்த மொழி வழியாக நம்மிடம் வந்தது என்பதற்கு ஒரு வரி கிடையாது. இது விமர்சனமல்ல, சாமான் வாங்கிய பற்றுச்சீட்டு.

தொழில்நுட்பம் எழுதவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குபவருக்கு உதவும்படி எழுதுங்கள். புளூரேயில் யப்பான் ஏ வலயம், டென்மார்க் பி, இந்தியா சி. வலயப் பூட்டு இருந்தால் தோக்கியோவில் ஆசையாக வாங்கிய தட்டு இங்குள்ள கருவியில் ஓடாது. பிரித்தானியத் தட்டு ஓடும். ஆனால் தபாலில் எடுப்பித்தால் 25 வீத டெனிஷ் பெறுமதி சேர் வரியையும் கணக்கில் சேர்க்கவேண்டும். எந்தப் பிரதி என்பதையும் சொல்லுங்கள். மியாசாக்கியின் 'நௌசிக்கா' 1984இல் வெளிவந்தது. அடுத்த வருடமே அமெரிக்காவில் இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி, பெயரையும் மாற்றி விற்றார்கள். வெட்டப்பட்டதைச் சொல்லாத விமர்சகர் வெட்டியவருக்குத் துணை போகிறார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்டு உபதலைப்பில் நடக்கிறது. இசாவோ தகஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988) படத்தில் நாலு வயது செட்சுக்கோ, பதினாலு வயதுத் தமையனை 'நீ-சான்' என்று கூப்பிடுகிறாள். அண்ணா! தமிழ்க் காதுக்கு விளக்கமே தேவையில்லை. ஆங்கில உபதலைப்புகளில் இப்படியான உறவுச்சொற்கள் பெரும்பாலும் வெறும் பெயராகிவிடும், அல்லது காணாமலே போய்விடும். தமையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் இழப்பே தெரியாமல் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதை எடுத்துச் சொல்ல டெனிஷ் விமர்சகரால் முடியாது. நம்மால் முடியும். நாமோ அட்டைப்பெட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் படத்தை ஒரு குளிர்காலத்தில் அம்மாவோடு இருந்து பார்த்தேன். தட்டில் ஆங்கில உபதலைப்பு மட்டும்தான். நான் மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். தாயை இழந்த பிள்ளைகளின் கிமோனோக்களை அரிசிக்கு மாற்றிவிட்டு, அந்த அரிசியிலும் தன் வீட்டாருக்குச் சோறும் அவர்களுக்குக் கஞ்சியும் கொடுக்கும் உறவுக்காரியை நான் திட்டினேன். இடப்பெயர்வில் இரண்டு பிள்ளைகளோடு சொந்தக்காரர் வீட்டில் மாதக்கணக்காக இருந்த அம்மா திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னா: "அவவைத் திட்டாத. அவவின்ர பானையில எவ்வளவு அரிசி இருந்தது எண்டு உனக்குத் தெரியுமே?"

அந்தப் படத்தைப் பற்றி நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இப்படியொரு கேள்வி இல்லை. இது போர் எதிர்ப்புப் படம் அல்ல என்று தகஹாத்தா ஏன் மறுத்து வந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

இப்போது மூத்த நண்பருக்கு. ஐயா, நீங்கள் பொம்மைப்படம் என்று சொன்னது அகியூக்கி நொசாக்கா 1967இல் எழுதிய சிறுகதை. நவோக்கி பரிசு பெற்றது. 1945இல் பட்டினியால் தங்கையை இழந்தவர் அவர். ஈழத்தில் ஒருவர் அப்படியொரு கதை எழுதியிருந்தால் இந்த இதழின் முதல் பக்கத்தில் போட்டிருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கவேண்டும் என்ற கட்டாயம் டெனிஷ் கொம்யூன்களுக்கு 2002இல் நீக்கப்பட்டது. அதன்பின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நாமே நடத்தி, எழுத்துக் கற்றுக்கொடுத்தோம். கற்ற எழுத்தில் வாசிக்க அந்தப் பிள்ளைகள் விரும்பும் எதைக் கொடுத்தோம்? அவர்களின் அலுமாரியில் இருக்கும் படத்தைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் இருந்தால், எழுத்துக்கூட்டியாவது வாசிப்பார்கள்.

ஆகவே அடுத்த இதழுக்கு எழுத விரும்புபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தனியறையில் காதுக்கருவியோடு பார்க்காதீர்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, தமிழில் சொல்லிச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் தமிழ்ச் சொல் கிடைக்காமல் தடுமாறினீர்கள், எந்த இடத்தில் அவர் குறுக்கே பேசினார் என்பதை எழுதி அனுப்புங்கள். பெட்டியின் தடிப்பைக் கடையில் நானே பார்த்துக்கொள்கிறேன்.