தனுஷ்கோடிக்குக் காமிராவோடு

ராமேசுவரம் போய் வந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடியதைச் சொல்வார்கள். பிராகாரத்தின் நீளத்தைச் சொல்வார்கள். ஈரத் துணியோடு வரிசையில் நின்று ஜலதோஷம் பிடித்துக் கொண்டதையும் மறக்காமல் சொல்வார்கள். "பூநாரையைத் தரிசனம் செய்தீர்களா?" என்று கேட்டால் மட்டும், "அடடா, அப்படி ஒரு சந்நிதி இருக்கிறதா? யாருமே சொல்லவில்லையே!" என்று திகைத்துப் போவார்கள்.

சந்நிதிதான், சந்தேகமில்லை. ஆனால் கோயிலுக்குள் இல்லை. ஊரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் சாலையில், கோதண்டராமர் கோயிலைச் சுற்றி விரிந்து கிடக்கும் உப்புத் தண்ணீரில் இருக்கிறது. மார்கழியிலிருந்து மாசி வரையில் எந்தக் காலையிலாவது அங்கே போய் நின்றால், தூரத்தில் தண்ணீர் மேல் யாரோ சுண்ணாம்புக் கோடு இழுத்தாற் போல் தெரியும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் அந்தக் கோட்டுக்குக் கால்கள் முளைக்கும். நாலடி, நாலரையடி உயரமுள்ள பறவைகள், நூற்றுக்கணக்கில்!

தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருக்கும் நமக்கு இந்த யாத்திரை இப்போது வெகு சுலபமாகிவிட்டது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி பாம்பன் புதுப் பாலத்தைத் திறந்த அன்றைக்கே தாம்பரம்-ராமேசுவரம் எக்ஸ்பிரஸையும் தொடங்கி வைத்தார்கள். கூடுவாஞ்சேரிவாசிகளுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூட்டை முடிச்சுகளோடு மின்சார ரயிலில் வடக்கே தாம்பரம் போய் இந்த வண்டியைப் பிடிப்போம். அதுவோ திரும்பி வந்து நம் வீட்டு வாசல் வழியாகவே, நம்மைத் தெரிந்ததாகக் கூடக் காட்டிக் கொள்ளாமல் தெற்கே ஓடும்!

இந்த ரயில் பாதைக்குத் தீவின் பழக்கம் புதிதல்ல. 1914-ல் பழைய பாலம் திறந்தது முதல், போட் மெயில் இவ்வழியாகத்தான் தனுஷ்கோடி வரையில் போயிற்று. அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேர்வார்கள். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் அந்தத் தனுஷ்கோடி ஊரே கடலோடு போயிற்று. பாம்பனிலிருந்து வந்து கொண்டிருந்த பாசஞ்சர் வண்டி, உள்ளிருந்த அத்தனை பேரோடும் போயிற்று. மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மீனவக் குடும்பங்கள் மட்டும் குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே நின்றன. இடிந்த மாதா கோயிலும் ஸ்டேஷன் சுவர்களும் இன்றைக்கும் மணலில் நிற்கின்றன. கோதண்டராமர் கோயில் தப்பியது. நாம் பறவை பார்க்கப் போவது இப்படிப்பட்ட இடத்துக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கொஞ்சம் மெதுவாக நடப்போம்.

பறவைகளை எடுப்பதற்கு ஒத்திகை வேண்டுமென்றால் அதற்குத் தீவு வரையில் போக வேண்டாம். நமக்கு நந்திவரம் ஏரி இருக்கிறது. கொக்கும் நீர்க்காகமும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பொறுமையாக நின்று கொடுக்கும். இன்னும் தெற்கே போனால் வேடந்தாங்கல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் செங்கற்பட்டுச் சீமைக்குக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ், அந்த ஏரிப் பறவைகளை யாரும் சுடக் கூடாதென்று ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். 1858-ல் ஊரார் அதைப் புதுப்பித்து வாங்கிக் கொண்டார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். துப்பாக்கியும் தொப்பியுமாக வந்த துரைகளையே தடுத்து நிறுத்திய கிராமம் அது!

அதே வேடந்தாங்கலில் நாட்கணக்காக உட்கார்ந்து படமெடுத்தவர் மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் குமாரர். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பூட்டிய ஒரு பிரம்மாண்டமான யந்திரத்துக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வைத்து, அதைச் சுமந்து கொண்டு காடு மேடெல்லாம் அலைந்தார். கலர் கிடையாது, கறுப்பு வெள்ளைதான். இன்று நம் சட்டைப் பையிலிருக்கும் டெலிபோனில் அவருக்குக் கிடைக்காத சௌகரியங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவரிடமிருந்த பொறுமையை எந்தக் கம்பெனியும் இன்னும் விற்பனைக்குக் கொண்டு வரவில்லை.

தனுஷ்கோடிக்கு அந்தப் பொறுமைதான் முக்கியமாக வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

பூநாரை நிற்கும்போது ஏறக்குறைய வெள்ளைதான். ரோஜா நிறம் கொஞ்சம் சாயலாகத் தெரியும். (இதைச் செங்கால் நாரை என்று சிலர் சொல்கிறார்கள். செங்கால் நாரை வேறு ஜாதி.) கூட்டத்தில் சாம்பலும் பழுப்புமாகச் சில நிற்கும். அவை குஞ்சாயிருந்து வளர்ந்து வரும் இளசுகள். நிறம் ஏற இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். அந்த நிறமும் பிறவியில் வந்ததல்ல, சாப்பாட்டில் வருவது. உப்புத் தண்ணீரிலுள்ள பாசியிலும் நுண்ணிய இறால் வகைகளிலும் இருக்கும் சிவப்புச் சத்து இறகில் ஏறுகிறது. அது சாப்பிடும் விதமே அலாதி. காலால் சேற்றைக் கலக்கும். கழுத்தை வளைத்து அலகைத் தலைகீழாகக் கவிழ்க்கும். நாக்கைப் பம்பு மாதிரி இயக்கித் தண்ணீரை உறிஞ்சி, அலகோரத்துச் சல்லடையால் வடிகட்டும். நம் வீட்டில் காப்பி வடிகட்டுவதை விடப் பல மடங்கு நேர்த்தி.

ஆனால் இறக்கையை விரித்து விட்டதோ, விஷயமே மாறிப் போகிறது. இறக்கையின் மேற்பாகம் குங்குமச் சிவப்பு, ஓரம் கன்னங்கறுப்பு. நூறு பறவைகள் ஒன்றாகக் கிளம்பினால் தண்ணீரில் தீப்பிடித்தாற் போலிருக்கும். படமெடுக்கப் போகிறவன் எவனுக்கும் அந்தச் சிவப்பின் மேல்தான் கண். உட்கார்ந்திருக்கும் பறவையில் அது அகப்படாது; பறக்க வேண்டும். வினை இங்கேதான் ஆரம்பமாகிறது.

கை தட்டுகிறவர்கள் உண்டு. கல்லெறிகிறவர்கள் உண்டு. முழங்கால் தண்ணீரில் இறங்கி விரட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. அவர்களை மற்றொருவர் கரையிலிருந்து படமெடுப்பார். இப்போது டிரோன் வேறு வந்திருக்கிறது. என்னை அழைத்துப் போன ஆட்டோக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"அதை ஏன் சார் கேக்கிறீங்க? ஒரு பறவை பறக்கிறதுக்கு எத்தனை ரூவா தர்றேன்னு கேக்கிறவங்க வர்றாங்க. 'அண்ணே, ஒரு ஹாரன் அடிங்க'ம்பாங்க."

"நீங்கள் அடிப்பீர்களா?"

"இன்னைக்கு ஹாரன் அடிச்சா நாளைக்கு எவன் சார் வருவான், வெறுந் தண்ணியைப் பார்க்க?"

அவர் வியாபாரமாகச் சொன்னார். பறவையின் பக்கத்திலிருந்து கணக்குப் பார்த்தாலும் விடை அதேதான். பூநாரை கோழி மாதிரி குபுக்கென்று கிளம்பக் கூடியதல்ல. தண்ணீரின் மேல் பல எட்டு ஓடித்தான் மேலே எழும்ப வேண்டும். மூன்று, நாலு கிலோ வரையில் கனக்கும் உடம்பை அப்படித் தூக்குவதற்கு ஆகும் செலவு, கண்ணுக்குத் தெரியாத பாசியை வடிகட்டி வடிகட்டிச் சேர்த்த சேமிப்பு. நம் நாட்டில் இவை குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். 1945-ல் சலீம் அலி அங்கே போய்ச் சேற்றுக் கூடுகளின் நகரத்தைப் பார்த்துவிட்டு, சுமார் ஐந்து லட்சம் பறவைகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். மேட்டுக்கு ஒரே ஒரு முட்டை. அவ்வளவு தூரம் போய் ஒரு முட்டையிடத் தெம்பு வேண்டுமானால், குளிர்காலம் முழுவதும் நிம்மதியாகச் சாப்பிட்டாக வேண்டும். காலையில் நாலு தடவை கலைக்கப்பட்ட கூட்டத்துக்கு நிம்மதி ஏது? கடைசியில் இடத்தையே மாற்றிக் கொண்டுவிடும். ஆட்டோக்காரர் சொன்ன வெறுந் தண்ணீர்தான் மிச்சம்.

2025 ஜூன் 5-ந் தேதி தமிழக அரசு தனுஷ்கோடியைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 524.7 ஹெக்டேர், ஏறக்குறைய 1,300 ஏக்கர். 2023-24 கணக்கெடுப்பில் அங்கே 128 வகைப் பறவைகள், மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல், கண்டிருக்கிறார்கள். சரணாலயத்துக்குள் பிராணிகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் சாலை நெடுகிலும் காவலாளை நிறுத்த முடியுமா? பெரும்பாலும் அந்த இடத்தில் பறவையும் நீங்களும்தான் இருப்பீர்கள்.

அப்படியானால் சிவப்பு இறக்கையை எடுக்கவே கூடாதா? தாராளமாக எடுக்கலாம். விரட்டாமலே எடுக்கலாம். பூநாரை தானாகவே இறக்கையை விரித்துச் சோம்பல் முறிக்கும். இறகு கோதும்போது விரிக்கும். துணை தேடும் பருவம் நெருங்கினால், கூட்டமாகக் கழுத்தை நிமிர்த்தி நின்று பட்டாளத்து சல்யூட் மாதிரி இரு இறக்கைகளையும் சட்டென்று விரித்து மூடும். ஒரு குட்டையில் தண்ணீர் மட்டம் மாறினால் அடுத்த குட்டைக்குத் தானாகவே பறக்கும். காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். ஆகையால் காற்று உங்கள் முதுகிலடிக்கும்படி நின்றால் அது உங்களை நோக்கிக் கிளம்ப வழியுண்டு. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ உட்கார வேண்டும். தண்ணீரும் முறுக்கும் கொண்டு போங்கள். முறுக்குக் காகிதத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்றால், அதைப் பறவையே சொல்லும். தலைகள் தண்ணீருக்குள் இருக்கும் வரையில் நீங்கள் ஆளே இல்லை என்று அர்த்தம். இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தால் நில்லுங்கள். எல்லாத் தலையும் நிமிர்ந்து, கூட்டம் மெல்ல எதிர்ப் பக்கம் நடக்கத் தொடங்கினால், நாலடி பின்வாங்குங்கள். திரும்பவும் தலை தண்ணீருக்குள் போய்விடும்.

பொழுது விடிந்தவுடன் அங்கே இருப்பது அவசியம். ஒன்பது மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்தால் காற்று நெளியும். அந்த நெளிவு படத்தில் விழும். லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் பறவை தண்ணீரில் கரைந்த சர்க்கரைப் பொம்மை மாதிரிதான் வரும். தை மாதத்துச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பது நமக்கு ஒரு லாபம். சாலையில் நின்றபடி வடக்கு நோக்கி எடுத்தால் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழும். வெள்ளைப் பறவையும் பளபளக்கும் தண்ணீருமாகச் சட்டம் நிறைந்தால், காமிரா கண் கூசி எல்லாவற்றையும் அழுக்கு வேட்டி நிறமாக்கிவிடும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பறப்பதை எடுக்க ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியாவது வேண்டும். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். அங்கே காற்று பாதி உப்பு, பாதி மணல்.

பூநாரையையே பார்த்துக்கொண்டு மற்றவற்றைத் தவற விடாதீர்கள். பாம்பன் பாலத்தைப் பகலில் கடக்க நேர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே கடற்காகங்கள் வட்டமிடுவதைப் பார்க்கலாம். அவற்றில் பழுப்புத் தலையன் லடாக், திபெத் ஏரிகளில் பிறந்தது. குளிர்காலத்தில் தலை வெளுத்துக் காதோரம் ஒரு புள்ளி மட்டும் இருக்கும். பங்குனி பிறந்தால் ஊர் திரும்பும் குஷியில் புதுப் பழுப்புக் குல்லாய் போட்டுக் கொள்ளும். அரிச்சல்முனைப் பக்கம் ஆலாக்கள் வரிசையாக மணலில் உட்கார்ந்திருக்கும். உப்புக்கொத்திகள் ஓடுவதும் நிற்பதுமாகக் கண்ணைக் கட்டும். அதிர்ஷ்டமிருந்தால் கறுப்பும் வெள்ளையுமாய்த் தடித்த அலகோடு நண்டுதின்னி கூடத் தென்படும். பறவைக்காரர்கள் அதற்காகவே வெகு தூரத்திலிருந்து வருகிறார்கள். மீனவர்கள் கரைவலை இழுக்கும் நேரமானால் செம்பருந்தும் ஆலாவும் மேலே வட்டம் போடும். வலைக்குக் குறுக்கே போகாமல் ஓரமாக நின்று எடுங்கள். அவர்களைப் படமெடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். பொழுது சாய்வதற்குள் போலீஸார் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். மற்ற தேசத்தாரும் செய்கிறார்கள். வளையத்தின் நிறமும் எண்ணும் தெளிவாகத் தெரிகிற ஒரு படம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தப் பறவை எங்கிருந்து கிளம்பி எத்தனை நாளில் இங்கே வந்தது என்று கணக்குப் போட்டு விடுவார்கள். எனவே இறக்கையை எடுத்து முடித்த பிறகு, பறவை சேற்றிலிருந்து மேட்டுக்கு ஏறும் வரையில் காத்திருந்து, காலையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். தேதியையும் இடத்தையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.