துக்க வீட்டிலும் நத்தார் உண்டு

டிசம்பர் பிறந்தால் தோட்டத்தில் ஒரு கேள்வி எழும். இந்த வருடம் தாயையோ தகப்பனையோ அடக்கம் செய்த வீட்டில் நத்தார் உண்டா, இல்லையா? "வருசம் திரும்பாம பண்டிகை கிடையாது" என்று லயத்துப் பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் வாய் திறக்காமல் இருந்துவிடும்.

வருடம் காக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. இந்து உறவுகளோடு ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அது சொந்த வழக்கம்தான். அதில் ஒரு கருணையும் இருக்கிறது. தீபாவளிக்குத் துக்க வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்கமாட்டார்கள். ஆனால் பக்கத்துக் காம்பிராக்களிலிருந்து முறுக்கும் அதிரசமும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்து சேரும். நத்தாருக்கு அப்படி நடப்பது குறைவு. பல தோட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆகவே கருணை வராமல் தடை மட்டும் வந்து நிற்கிறது.

நமது விசுவாசம் இந்தத் தடையைப் போடவில்லை. நவம்பர் 2ஆம் திகதி மரித்தோருக்காகப் பூசை கண்டு, கல்லறையில் புல் செதுக்கி, மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் கத்தோலிக்கர் நத்தாருக்குள் போகிறோம். நத்தாருக்கு மறுநாள், 26ஆம் திகதி, கல்லெறிந்து கொல்லப்பட்ட முடியப்பர் திருநாள். 28ஆம் திகதி ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாள். பாலன் பிறந்த கிழமையிலேயே சாவையும் நினைக்கச் சொல்கிறது திருச்சபை. லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசுவும் அழுதார். பிறகு நாம் ஏன் அழுத முகத்தோடு கோயிலுக்குப் போக வெட்கப்பட வேண்டும்?

எங்கள் அப்பா காலமான வருடம், குடிலுக்கு அவர் அறுத்து வரும் மானாப்புல்லைத் தம்பி அறுத்து வந்தான். குடிலை வைத்து முடித்ததும் அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். புதுச்சட்டை இல்லை, பட்டாசு இல்லை. அதுவும் நத்தார்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. "அம்மா இல்லாத குறை பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது" என்று கடன்பட்டுப் பண்டிகை செய்கிறவர்கள். செத்த வீட்டுச் செலவு, முப்பதாம் நாள் பூசைச் செலவு என்று ஏற்கெனவே கழுத்துவரை கடன் இருக்கும். அதன்மேல் முற்பணம், நுண்கடன். முற்பணத்தை மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். நுண்கடன்காரர் வாசலுக்கே வருவார். குறை தெரியத்தான் செய்யும், பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருக்க ஒரு கேக் போதாது. ஓராண்டுப் பூசைக்கு அந்தக் காசை வைத்திருங்கள்.

கொழும்புக் கடைகளில் நிற்கும் தம்பியும், வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் அக்காவும் சாவு வீட்டுக்குப் பிறகு முதன்முறையாக ஒன்றுசேர்வது நத்தாருக்குத்தான். சண்டை தொடங்குவதும் அன்றுதான். அப்பாவின் ஈ.பி.எப். யாருக்கு, அம்மாவின் நகை யாரிடம்? 25ஆம் திகதி இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து எடுங்கள், ஆனால் கட்டாயம் எடுங்கள். ஈ.பி.எப்.பில் பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருந்தால் பணம் அவருக்கு. இல்லையென்றால் சட்டப்படியான வாரிசுகளுக்கு. வேலையில் இருக்கும்போது இறந்தவர் 5 வருடமாவது சேவை செய்திருந்தால், வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணமும் வாரிசுகளுக்கு வரவேண்டும். சோகத்தில் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும்போதே மரணச் சான்றிதழ், அடையாள அட்டைகள், ஈ.பி.எப். இலக்கம் எல்லாவற்றையும் எடுத்து தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள்.

மாதர் சங்கத் தோழியரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் சாவு நடந்த கிறிஸ்தவ வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். 25ஆம் திகதி பூசை முடிந்து அவர்கள் லயத்துக்கு வரும் நேரம், தீபாவளிக்கு அனுப்புவது போலவே ஒரு தட்டுப் பலகாரம் அனுப்புங்கள்.