தோல்வி யாருடையது?

எண்பது ஆட்டங்களில் தொடர்ந்து தோற்ற அணியென்று பிரேரி வியூ பல்கலைக்கழகத்தை எள்ளி நகையாடுவோர் பலர். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திற் கறுப்பின மக்களுக்கென 1876 இல் நிறுவப்பட்ட இக்கல்விக்கூடம், 1953 இற்கும் 1964 இற்கும் இடையிற் கறுப்பினக் கல்லூரிகளின் உதைபந்தாட்ட வாகையை ஐந்து முறை சூடியதை அவர்கள் நினைப்பதில்லை. வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கதவடைத்திருந்த காலம் அது. பின்னர் அக்கதவுகள் திறந்தபோது, சிறந்த வீரரைச் செல்வம் மிக்க அந்நிறுவனங்களே ஈர்த்துக்கொண்டன.

விளையாட்டுத்துறையின் நிதிச் சீர்கேட்டினால் 1990 இல் ஆட்டம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு மீண்ட அணிக்கு விளையாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றேனும் இல்லை. எதிரணியினரோ அப்பரிசில் கொடுத்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். (பெயர் உதைபந்தாட்டமாயினும், அமெரிக்கர் ஆடுவது உதைப்பதிலும் உடலால் மோதுவது மிகுந்த ஆட்டம்.) அவ்வாண்டின் பதினொரு ஆட்டங்களில் இவர்கள் பெற்ற புள்ளிகள் 48, கொடுத்தவை 617.

இதனை மாணவரின் திறமைக் குறைவென்பது எவ்வகை நியாயம்? கணக்கிலே தவறிழைத்தோர் அலுவலகத்தில் இருந்தனர். மைதானத்தில் அடிபட்டு வீழ்ந்தோர் விளையாட்டுக்கென ஒரு சதமும் பெறாத இளைஞர். 1998 செப்ரெம்பர் 26 இல் லாங்ஸ்ரன் அணியை 14–12 என வென்று அவர்கள் அத்தொடரை முடித்தனர். அதற்கு முந்திய எண்பதில் எத்தனையை நிர்வாகத்தின் பெயரில் எழுதுவது?