இதய வால்வு தட்டையா, வளைவா? கணினி மாடல்களுக்கு ஒரு பழைய பாடம்

அறுவை சிகிச்சைக்கு முன்பே நோயாளியின் இதய வால்வைக் கணினியில் உருவாக்கி ஒத்திகை பார்க்கும் முயற்சிகள் வேகமெடுத்துள்ளன. வால்வு எங்கே கசியும், எப்படிச் சரிசெய்யலாம் என்று மாடலே கணக்குப் போட்டுச் சொல்லும். நல்ல விஷயம்தான். ஆனால், மாடலுக்குக் கொடுக்கும் வடிவமே தப்பா இருந்தால்? மருத்துவத்தில் அப்படியொரு தப்பு ஏற்கெனவே நடந்திருக்கிறது.

பிரிங்கிள்ஸ் வடிவ வளையம்

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மிட்ரல் வால்வு. இரண்டு இதழ்கள், அவற்றைச் சுற்றி ஒரு வளையம், கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் மெல்லிய நார்கள். அவ்வளவுதான். ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை திறந்து மூடுகிறது. மூடும்போது இதழ் மேலறைப் பக்கம் பிதுங்கினால், அதற்குப் பெயர் ப்ரொலாப்ஸ்.

1970, 80களில் எக்கோ ஸ்கேன் பரவியபோது, 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்லின. எந்தத் தொந்தரவும் இல்லாத இளைஞர்களும் இதய நோயாளிகள் ஆனார்கள். காரணம், வளையம் தட்டையானது என்ற அனுமானம். ஸ்கேன் படத்தில் வளையத்தின் இரு ஓரங்களுக்கு நடுவே நேர்கோடு போட்டு, இதழ் அதைத் தாண்டினாலே ப்ரொலாப்ஸ் என்றார்கள்.

1980களின் பிற்பகுதியில், பாஸ்டனில் ராபர்ட் லெவின் குழு முப்பரிமாணத்தில் ஆராய்ந்தது. வளையம் குதிரைச் சேணம் போல வளைந்திருந்தது. பிரிங்கிள்ஸ் சிப்ஸை நினைச்சுக்கோங்க: எதிரெதிரே இரண்டு ஓரங்கள் தூக்கி நிற்கும், மற்ற இரண்டும் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த ஓரங்களுக்கு நடுவே கோடு போட்டால், ஆரோக்கியமான இதழும் கோட்டைத் தாண்டித்தான் தெரியும்.

அளவுகோல் திருத்தப்பட்டது. அதன்படி அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1999-ல் சொன்ன கணக்கு: 2.4 சதவீதம்.

வளைவு சும்மா இல்லை

2002-ல் வெளியான கணினி மாடல் ஆய்வு ஒன்று, வளையத்தைத் தட்டையாகவும் சேண வடிவிலும் வைத்துப் பார்த்தது. சேண வடிவில் இதழ்கள் மீதான இழுவிசை குறைந்தது. துணி காயப்போடும் கொடி மாதிரிதான். விறைப்பாகக் கட்டினால் ஈரப் போர்வையின் எடையில் அறுந்துபோகும். கொஞ்சம் தொய்வு விட்டால் தாங்கும். பழுதான வால்வைச் சரிசெய்யத் தைக்கப்படும் செயற்கை வளையங்களிலும் பிறகு சேண வடிவம் வந்தது.

ஆக, சரியான வடிவத்தைக் கொடுத்தால் மாடல் உண்மையிலேயே உதவும். சிக்கல், இன்னும் சரியாகத் தெரியாத பகுதிகளில் இருக்கிறது. நார்கள் பெரும்பாலும் ஸ்கேனில் தெளிவாக விழுவதில்லை. இதழின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். பல மாடல்களோ எல்லா இடத்திலும் ஒரே தடிமன் என்று வைத்துக்கொள்கின்றன.

அனுமானம் இல்லாமல் மாடல் கிடையாது. ஆனால், திரையில் கலர் கலராகச் சுழலும் 3டி வால்வைப் பார்க்கும் டாக்டருக்கு எது அளந்தது, எது ஊகித்தது என்று தெரியாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதும், ஊகத்தை மாற்றினால் விடை எவ்வளவு மாறும் என்று எழுதுவதும் கட்டாயமாக வேண்டும். அந்த விவரம் இல்லாத மாடலை நம்பி, ஒருவரின் நெஞ்சைத் திறக்க முடிவெடுக்கக் கூடாது.