சாவிக்கொத்து மட்டும் போதுமா?

நூலகர் என்றால் யார்?

காலையில் பூட்டைத் திறப்பவர். பேப்பரை மேஜையில் போடுபவர். புத்தகத்தில் தேதி முத்திரை குத்துபவர். இரவில் மறுபடியும் பூட்டுபவர்.

நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறோம். இந்த நினைப்பு மாறவேண்டும். ஒரு காரியத்தைத் தொடங்கி, முன்னின்று நடத்தி, முடித்துக் காட்டும் பயிற்சி நூலகருக்கு வேண்டும். பயிற்சியோடு அதிகாரமும் வேண்டும்.

"நூலகருக்கு எதுக்குய்யா அந்தப் பயிற்சி? அவர் என்ன அணைக்கட்டா கட்டப்போறாரு?" என்று சிலர் கேட்கலாம்.

ஒரு கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். பணம் இருக்கும். மண்டபம் இருக்கும். சொந்தக்காரர்களும் கூட்டமாக இருப்பார்கள். ஆனால் "இது என் பொறுப்பு" என்று ஒருத்தர் எடுத்துச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இலை போட்ட பிறகுதான் சாம்பார் கரண்டியைத் தேடுவார்கள்! நூலகமும் அப்படித்தான்.

உங்கள் காசு

மயிலாப்பூரில் கடை வைத்திருப்பவரும், அடையாறில் வீடு வைத்திருப்பவரும் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. வாடகைக்கு இருப்பவர் கொடுக்கும் வாடகையிலும் அது அடக்கம்தான்.

இந்த ஏற்பாட்டைச் செய்தது 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் அவினாசிலிங்கம்.

ஆகவே, கிளை நூலகம் என்பது சர்க்கார் போடும் தர்மம் அல்ல. நீங்கள் காசு கொடுத்து நடத்துகிற இடம். அங்கே என்ன நடக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கணக்கு வாத்தியார் செய்த வேலை

இந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக வந்தார்.

வந்த சில நாட்களிலேயே அவருக்கு அலுத்துப் போய்விட்டது! சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பழைய வேலையே தேவலை என்று கல்லூரிக்குப் போய்க் கேட்டார். லண்டனுக்குப் போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்துவிட்டு வரட்டும், அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

போனவர் நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு உருவம் வருகிறது. புத்தகங்களைப் பிரித்து அடுக்க அவர் கண்டுபிடித்த கோலன் பகுப்பு முறைக்கு அதுதான் வித்து.

1925-ல் ஊர் திரும்பினார். வாசகரே அலமாரி வரை போய்ப் புத்தகம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். 1929-ல் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். 1931-ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அதில் ஒன்று.

பார்த்தார், திட்டம் போட்டார், ஆள் சேர்த்தார், முடித்தார். பிறகு அடுத்த வேலைக்குப் போனார். இதுதான் தலைமை. மேடையில் மாலை போட்டுக்கொள்வது அல்ல!

அவர் பேச்சோடு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி மன்னார்குடி. அங்கே மேலவாசலில் 1931-ல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். பெரிய கட்டடம் இல்லை. ஒரு வண்டி, மாடுகள், புத்தகம், பொறுப்பெடுக்க ஒரு மனிதர். காரியம் நடந்தது.

கோட்டையூரிலிருந்து வந்த பொக்கிஷம்

பழைய கதை வேண்டாம் என்பவர்கள் தரமணிக்குப் போய்ப் பார்க்கலாம். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் ஆயுள் முழுவதும் பழைய நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கப்பல் ஏற்றவில்லை. சென்னையிலேயே வைத்து 1994-ல் ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள்.

பூச்சி அரித்த தாளைக் காப்பாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பட்டியல் எழுத வேண்டும். மைக்ரோபிலிமில் படம் எடுக்க வேண்டும். எது முதலில், எது பிறகு, யார் செய்வது என்று பிரித்துச் செய்யாமல் இருந்திருந்தால் அத்தனையும் மூட்டையாகவே மக்கிப் போயிருக்கும்.

கிளை நூலகத்தில் என்ன செய்யலாம்?

தி.நகரிலோ மந்தைவெளியிலோ ஒரு கிளை நூலகத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகங்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிற பையன் தேடுகிறான். பட்டியலில் இருக்கிறது, அலமாரியில் இல்லை.

அங்கே நூலகர் செய்ய வேண்டியது ஐந்து:

முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனை புத்தகம் கிழிந்தது, எதை ஜனங்கள் அதிகம் கேட்கிறார்கள் என்று குறிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஒரு வேலையை எடுக்க வேண்டும். பத்து வேலையைத் தொட்டால் பத்தும் பாதியில் நிற்கும்.

மூன்றாவது, ஆள் பிரிக்க வேண்டும். வாசகர் வட்டம் இருக்கிறது. கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள்.

நான்காவது, முடிக்கும் தேதியை வைக்க வேண்டும்.

ஐந்தாவது, வாசலில் கரும்பலகை வைத்து, செலவு இவ்வளவு, முடிந்தது இவ்வளவு என்று எழுதிப் போட வேண்டும்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். நூலகப் படிப்பில் பகுப்பு எண் போடக் கற்றவருக்கு, பத்துப் பேரைச் சேர்த்து வேலை வாங்கவும் கற்றுத் தரவேண்டும்.

பயம் போக வேண்டும்

ஒரு புத்தகம் காணாமல் போனால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் இருக்கும்வரை, அவர் பீரோவைப் பூட்டத்தான் பார்ப்பார். ஜவுளிக்கடையில்கூட சேதாரம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் பேர் புழங்கும் நூலகத்தில் அது கூடாதா? திருடியவரையும் அலட்சியமாக இருந்தவரையும் தண்டியுங்கள். அலமாரியைத் திறந்து வைத்தவரைத் தண்டிக்காதீர்கள்.

"இருக்கிறதே ஒரு ஆள். அவரே திறந்து, அவரே பெருக்கி, அவரே திட்டமும் போடணுமா?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆள் இல்லாத இடத்தில் முதலில் ஆள் போடுங்கள். பயிற்சி என்பது காலி இடத்தை மறைக்கும் திரை ஆகிவிடக்கூடாது. சிறு தொகை ஒன்றை, மேலிடத்துக்கு எழுதிக் காத்திருக்காமல் செலவழிக்கவும் விடுங்கள்.

கோட்டூர்புரத்தில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் 9 தளங்களோடு எழுந்தது. பார்வையற்றோருக்கு பிரெய்லி, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்க இடம் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். 2011-ல் அதை ஆஸ்பத்திரி ஆக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். அந்த அக்கறையில் ஒரு பங்கு, உங்கள் தெருமுனைக் கிளை நூலகத்துக்கும் வேண்டாமா?

அடுத்த முறை அங்கே போகும்போது, "புதுசா என்ன புஸ்தகம் வந்திருக்கு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்த வருஷம் என்ன வேலை எடுத்திருக்கீங்க? நாங்க என்ன செய்யணும்?" என்றும் கேளுங்கள்.

அன்று கணக்கு வாத்தியாருக்கு வெறும் சாவிக்கொத்தை மட்டும் கொடுத்திருந்தால், அவர் கல்லூரிக்கே திரும்பிப் போயிருப்பார். கற்றுவர வழி செய்தார்கள்; செய்துகாட்ட இடமும் கொடுத்தார்கள். இன்றைய நூலகர்களுக்கும் அதைத்தான் கேட்கிறோம்.