நீர்க்கட்டி என்று ஒரு சொல்

பதினான்கு மாதங்கள் என் நோய்க்கு ‘நீர்க்கட்டி’ என்று பெயர். பிறகு ஆறு வாரங்கள் ‘கார்சினோமா’. இப்போது அதன் பெயர் ‘கிரானுலோசா செல் கட்டி’. மொழியியல் படித்தவள் என்பதால் பெயர்களைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்று நண்பர்கள் எண்ண வேண்டாம். இந்த மூன்று பெயர்களுக்கும் மூன்று வேறு சிகிச்சைகள் உண்டு. அவற்றுள் முதலாவது எனக்குப் பயனின்றிப் போயிற்று. இரண்டாவது தொடங்குவதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பு தடுக்கப்பட்டது.

தில்லியில் ஆய்வின் மூன்றாம் ஆண்டில் எனக்கு மாதவிடாய் நான்கு மாதங்கள் வரவில்லை. வந்தபோது மூன்று வாரங்கள் நிற்கவில்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, திருமணம் ஆகிவிட்டதா என்பது. இல்லை என்றதும் உள்வழி ஸ்கேன் என்ற பேச்சே எழவில்லை. என் ஒப்புதலைக் கேட்டு முடிவு செய்திருக்கலாம், கேட்கப்படவில்லை. வயிற்றின் மேல் எடுத்த ஸ்கேனில் இடது சினைப்பை பெரிதாகத் தெரிந்தது. “சிஸ்ட்தான், எடையைக் குறையுங்கள்” என்று ஹார்மோன் மாத்திரை எழுதித் தந்தார்கள். அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசியபோது ‘சிஸ்ட்’ என்பதை ‘நீர்க்கட்டி’ என்று மொழிபெயர்த்தவள் நானே.

அம்மாவுக்கு அது பழகிய சொல். சித்தி மகளுக்கு நீர்க்கட்டி, பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீர்க்கட்டி. பி.சி.ஓ.எஸ். என்னும் ஹார்மோன் கோளாறையும், தானே கரைந்துபோகும் நீர்ப்பையையும், அறுத்துப் பார்க்க வேண்டிய திண்மக் கட்டியையும் அந்த ஒரே சொல்லால் நாம் குறிக்கிறோம். பழகிய சொல் எங்கள் அச்சத்தைப் போக்கியது. கூடவே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும் போக்கிவிட்டது.

கிரானுலோசா செல் கட்டி, சினைப்பைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 2 முதல் 5 வரையே காணப்படுவது. அது ஈஸ்ட்ரோஜனைத் தானே சுரக்கக்கூடியது. ஒழுங்கற்ற உதிரப்போக்கு அதன் முக்கியமான அறிகுறிகளுள் ஒன்று. பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய வயதினருக்கு வருவதால் இருபத்தேழு வயதுப் பெண்ணிடம் யாரும் அதைத் தேடுவதில்லை. ஓரிரவு தாங்க முடியாத வயிற்றுவலியோடு அவசரப் பிரிவுக்குப் போனபோது என் கட்டி 11 செ.மீ. வளர்ந்திருந்தது. இடது சினைப்பையையும் சினைக்குழாயையும் அகற்றினார்கள். திசு ஆய்வு அறிக்கை அதைக் கார்சினோமா என்றது. கீமோதெரபிக்கு நாள் குறித்தார்கள்.

என் நெறியாளரின் தங்கை ஒரு நோய்க்குறியியல் மருத்துவர். அறிக்கையைப் படித்துவிட்டு, “ஸ்லைடுகளையும் மெழுகில் பதித்த திசு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள், இன்னொருவர் பார்க்கட்டும்” என்றார். அவற்றை மும்பையிலுள்ள ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். காப்பிக்கொட்டை போல நடுவில் கோடு விழுந்த உட்கருக்களை அங்கே கண்டார்கள். மரபணுச் சோதனை ஐயத்தைத் தீர்த்தது. ஃபாக்ஸ்-எல்2 என்னும் மரபணுவின் 402ஆம் இடத்தில் சி என்ற எழுத்து ஜி என மாறியிருந்தது. முதிர்ந்தோர் வகைக் கிரானுலோசா கட்டியின் அடையாளம் இந்த ஓரெழுத்து மாற்றம். 2009இல் கனடிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபோது, சோதித்த 89 கட்டிகளுள் 86இல் அது இருந்தது. என் கட்டி முதல் நிலையில் சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருந்ததால் அறுவையே போதும், கீமோதெரபி வேண்டாம் என்றார்கள்.

என் நெறியாளருக்கு அப்படியொரு தங்கை இல்லாதிருந்தால்? அறிமுகம் என்னும் தற்செயலைச் சார்ந்திருக்கக் கூடியதா ஒரு நோயறிதல்? தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம், மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமையையும் இரண்டாம் கருத்தை நாடும் உரிமையையும் சொல்கிறது. மூலத்தரவைப் பார்க்காமல் மேற்கோள் காட்டாதே என்று முதல் பருவத்திலேயே கற்ற நான், என் உடலைப் பற்றிய மூலத்தரவைக் கேட்கலாம் என்பதையே அறியாதிருந்தேன்.

சக நோயாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதே கட்டி உள்ள பெண்கள் பல நாடுகளிலிருந்து ஒரு குழுவில் எழுதுகிறார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு வழக்கமாகப் பார்க்கும் சி.ஏ. 125 என்ற இரத்தச் சோதனை இந்தக் கட்டிக்கு நம்பத்தக்கதல்ல, இன்ஹிபின் பி-யைக் கேள் என்று முதலில் சொன்னவர்கள் அவர்கள்தாம். என் மருத்துவரும் அதை ஏற்றார். இந்த நோய் இருபது ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதை அறிக்கையில் படித்ததற்கும், அப்படித் திரும்பிய ஒருவர் காலையில் தன் தோட்டத்தைப் பற்றி எழுதுவதைப் படித்ததற்கும் மிகுந்த வேறுபாடு இருந்தது.

ஆனால் அக்குழுவையும் ஆய்வாளரின் கண்ணோடுதான் படிக்க வேண்டும். நலமாக இருப்பவர்கள் மெல்ல எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பியவர்களே மிகுதியாக எழுதுகிறார்கள். அங்கே தெரிவது நோயின் முழுப்படம் அன்று. சர்க்கரையை விட்டால் கட்டி வராது என்பவர்களும் அங்கே உண்டு. எனவே அங்கிருந்து விடைகளை எடுப்பதில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் எடுத்துவருகிறேன்.

அக்குழுவில் எல்லாம் ஆங்கிலம். என் அம்மாவால் அதைப் படிக்க முடியாது. ஊரில் அவர் இன்றும் உறவினர்களிடம் “நீர்க்கட்டி ஆபரேஷன்” என்றே சொல்லிவருகிறார். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம். பரம்பரை நோய் என்று பேச்சு வந்துவிடுமோ என்ற அச்சம் அவருக்கு. அந்த மரபணு மாற்றம் கட்டிக்குள் மட்டுமே நேர்ந்தது, பிறப்பில் வந்ததன்று, தங்கைக்கு அதனால் எதுவுமில்லை என்று தமிழில் விளக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. கேட்டு முடித்து, “இதை யாராவது முன்னாடியே இப்படிச் சொல்லியிருக்கலாமே” என்றார் அம்மா. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதைத் தமிழில் எழுதுகிறேன்.

இறுதியாக நம் துறைகளுக்கு ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகள் பெண்களுக்கு 240 நாட்கள் மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தருகின்றன. அது போராடிப் பெற வேண்டிய நல்ல விதி. அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சினைப்பையை இழந்து படுத்திருந்தபோது, விடுப்புப் படிவத்தில் எனக்குப் பொருந்தும் கட்டம் எதுவும் இல்லை. நோயின் பெயரை எழுதினால்தான் உதவித்தொகை தொடரும் என்றார் அலுவலகத்தில் ஒருவர். எழுதினேன், மறுவாரம் துறை முழுவதற்கும் தெரிந்திருந்தது. கடும் நோய்க்கு உதவித்தொகையோடு கூடிய விடுப்பு, நோயின் பெயரைக் கேட்காமல் மருத்துவச் சான்றை மட்டும் ஏற்கும் நடைமுறை: இவ்விரண்டையும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதிகளிலேயே சேர்க்க முடியும். பேராசிரியர்கள் அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதை எழுப்ப வேண்டும்.

ஆய்வு மாணவியருக்கு: உதிரப்போக்கு ஒழுங்கின்றி நீடித்தால், “சிஸ்ட்” என்ற சொல்லோடு வீடு திரும்பாதீர்கள். நீரா, திண்மமா, எத்தனை செ.மீ., மறுபடி எப்போது பார்ப்பது என்று கேளுங்கள். அறுவை நடந்தால் ஸ்லைடையும் பிளாக்கையும் பற்றிக் கேளுங்கள். அறிக்கையைப் படிக்கத் துணை வேண்டுமெனில் தனிச்செய்தி அனுப்புங்கள். நான் மருத்துவர் அல்லள். சொல்லுக்குச் சொல் உடனிருந்து படிக்க என்னால் முடியும்.