ஓபி சீட்டில் பள்ளிக்கும் இடம் வேண்டும்

மெடுல்லோபிளாஸ்டோமா சிகிச்சை முடிந்த பிள்ளையின் கோப்பில் அடுத்த எம்ஆர்ஐக்குத் தேதி இருக்கும். தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் பரிசோதனைகளும் குறித்திருக்கும். பள்ளியைப் பற்றிப் பெரும்பாலும் 'பள்ளிக்குச் செல்லலாம்' என்ற ஒரே வரிதான். அது போதாது.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் 23.4 கிரே, கட்டி இருந்த இடத்துக்கு 54 கிரே வரை கதிர்வீச்சு பெற்ற பிள்ளை, படித்ததை மறந்துவிடுவதில்லை. புதிதாகக் கற்கும் வேகம்தான் குறைகிறது. சிறு வயதில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இது இன்னும் கடுமை. ஆனால் பள்ளிக்குத் திரும்பிய முதல் ஆண்டில் பலருக்கு இது வெளியே தெரிவதில்லை. ஆசிரியர்கள் பரிவோடு இருக்கிறார்கள், பாடமும் எளிது. முடி வளர்ந்து, ஊரே நோயை மறந்த பிறகு, ஏழாம் எட்டாம் வகுப்பில் இடைவெளி விரிகிறது. அப்போது கிடைக்கும் பெயர் 'சோம்பேறி'. பிள்ளையே அதை நம்பத் தொடங்குவதுதான் பெருங்கொடுமை.

காதையும் கவனிக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் முதலில் பறிப்பது உயர் அதிர்வெண் ஒலிகளை. கூப்பிட்டால் பிள்ளை திரும்பும்; அதனால் எவரும் சந்தேகப்படுவதில்லை. இரைச்சலான வகுப்பில் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் நழுவிப் போகும். சிறுமூளைப் பாதிப்பும் வின்கிறிஸ்டின் தரும் புறநரம்புப் பாதிப்பும் சேர்ந்து கையெழுத்தைக் கெடுக்கின்றன. விடை தெரிந்தும் எழுதி முடிக்க நேரம் போதாமல் மதிப்பெண் போகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவற்றுக்கான மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேலையைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது தொடங்கினால் எதுவும் கைக்கு வராது.

சான்றிதழ் என்றதும் பெற்றோர் தயங்குகிறார்கள். பெண் பிள்ளை என்றால், வரன் பார்க்கும் காலத்தில் பேச்சு எழுமே என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சத்தை நாம் மதிக்க வேண்டும். பெற்றோர் சம்மதத்தோடு வகுப்பாசிரியருக்கு நாம் எழுதும் கடிதத்தில் நோயின் பெயர் தேவையே இல்லை. முன்வரிசை இருக்கை, அச்சிட்ட பாடக்குறிப்பு, வீட்டுப்பாடத்தில் பாதி, பிற்பகலில் சற்று ஓய்வு: ஆசிரியருக்கு வேண்டியது இவ்வளவே. அதைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஆசிரியர் மாறும்போதெல்லாம் புதுப்பித்துக் கொடுங்கள்.

வரும் ஜூனுக்குள் உங்கள் தொடர்கவனிப்புப் பதிவேட்டில் ஆறாம், ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைக் கண்டெடுங்கள். கேள்திறன் பரிசோதனையையும் உளவியல் மதிப்பீட்டையும் பள்ளி திறக்கும் முன்பே முடித்துக் கொடுங்கள்.